பலகையைத் திருப்பி வைத்தால் பாதி நேரம் மிச்சம்

(கல்லிடைக்குறிச்சியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில், லேசர் பொறிப்பு வேலை செய்துவரும் ஒரு குழுவின் ஊக்குநர் ஆற்றிய உரையிலிருந்து.)



போன மாதக் கூட்டத்தில் இங்கே ஒரு பேச்சு வந்ததாகச் சொன்னார்கள். மூன்று குழு சேர்ந்து வங்கிக் கடன் வாங்கி, ஒரு லேசர் இயந்திரம் போடலாமா என்று. பாதிப் பேர் போடலாம் என்கிறீர்கள். பாதிப் பேர், "அப்பளம் போட்டுப் பிழைக்கிற ஊர்ல நமக்கெதுக்கு இந்த வம்பு" என்கிறீர்களாம். வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நான் வரவில்லை. அது உங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டிய விஷயம். ஆனால் வாங்கினால் தவணை கட்ட முடியுமா முடியாதா என்பதை முடிவு பண்ணுகிற ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. இயந்திரம் விற்க வருகிறவர்கள் இத்தனை வாட்டு, இவ்வளவு வேகம் என்று சொல்வார்கள். முனை எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்காக. தையல் மெஷின் மேசையைவிடப் பெரிய ஒரு பெட்டி. உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய். அதிலிருந்து வருகிற ஒளிக்கற்றையைக் கண்ணாடிகள் திருப்பிவிட்டு, கடைசியில் ஒரு லென்ஸ் வழியாகப் பலகை மேல் ஊசிமுனை அளவுக்குக் குவிக்கிறது. அந்த இடம் கருகி, பள்ளம் விழும். எழுத்தாணி வைத்துக் கீறுவதுபோலத்தான். எழுத்தாணிக்குப் பதில் சூடு. இந்தக் கார்பன்-டை-ஆக்சைடு வகை லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்தவர். இயந்திரம் அனேகமாகச் சீனாவிலிருந்து வந்தாலும், விதை போட்டவர் நம்ம நாட்டுக்காரர். இதைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை!

சரி, இந்த முனை எப்படி எழுதுகிறது? நாம் எழுதுகிற மாதிரி 'அ'வுக்குச் சுழி போட்டு, வளைத்து எழுதாது. இடமிருந்து வலம் ஒரு கோடு ஓடும். எழுத்து வருகிற இடத்தில் மட்டும் ஒளி பாயும், மற்ற இடத்தில் சும்மா ஓடும். கோடு முடிந்ததும் முடி அளவு தள்ளி, வலமிருந்து இடம் அடுத்த கோடு. இப்படி நூற்றுக்கணக்கான கோடு அடுத்தடுத்து விழுந்து எழுத்து நிரம்பும். இதைத்தான் 'ஸ்கேன்' என்கிறார்கள்.

இது நமக்குப் புதுசா? இல்லவே இல்லை. வயலில் ஏர் ஓட்டுவது எப்படி? ஒரு சால் போய், வரப்போரம் திரும்பி, பக்கத்திலேயே அடுத்த சால். ஆற்றுப் பாசனத்தில் நம்ம பக்கம் நீளநீளமாக, ஒடுக்கமாக எத்தனை வயல் கிடக்கிறது! அந்த வயலில் யாராவது குறுக்குவாட்டில் ஏர் பூட்டுவார்களா? நாலு எட்டு போகும் முன்னே வரப்பு வந்துவிடும். மாட்டைத் திருப்பு, மறுபடி திருப்பு. உழுத நேரத்தைவிடத் திருப்பின நேரம் கூடிப்போகும். இப்போது டிராக்டருக்கு மணிக் கணக்கில் வாடகை கொடுக்கிறோம். ஓட்டுகிறவர் குறுக்கே ஓட்டினால் நாம் சும்மா இருப்போமா? "அண்ணாச்சி, நீளப்பாட்டில ஓட்டுங்க" என்று வரப்பில் நின்று சத்தம் போடுவோம்.

லேசரும் அப்படித்தான். முனை ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் வேகத்தைக் குறைத்து, நின்று, திரும்பி, மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் எழுத்து ஒன்றும் விழாது. மின்சாரம் ஓடும், நம் கூலி ஓடும், வேலை மட்டும் ஓடாது.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டு வாசலில் மாட்டுகிற பெயர்ப்பலகை. எழுத்தும் பூவேலையும் நிரம்பிய இடம் 200 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலம். கோட்டுக்குக் கோடு இடைவெளி 0.1 மி.மீ. முனையின் வேகம் நொடிக்கு 300 மி.மீ. ஒரு தடவை திரும்ப நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 நொடி. எங்கள் இயந்திரத்தில் செல்போன் கடிகாரம் வைத்துப் பார்த்து எடுத்த அளவு இது. உங்களுடையதில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

பலகையை நீளவாட்டில், கோடு ஓடுகிற திசைக்கு இசைவாக வைத்தால் 400 கோடு. கோடு ஓட 267 நொடி. 400 திருப்பத்துக்கு 80 நொடி. மொத்தம் 347 நொடி, 5 நிமிடம் 47 நொடி.

அதே பலகையைக் குறுக்கே வைத்தால் 2000 கோடு. ஒவ்வொன்றும் 40 மி.மீ.தான், குட்டிக் கோடு. ஓடுகிற நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், அதே 267 நொடி! பரப்பளவு ஒன்றுதானே, அது மாறாது. ஆனால் திருப்பம் 2000. அதற்கு மட்டும் 400 நொடி. மொத்தம் 667 நொடி, 11 நிமிடத்துக்கு மேல்.

பலகை ஒன்று, எழுத்து ஒன்று, இயந்திரம் ஒன்று. வைத்த விதத்தில் ஏறத்தாழ இரட்டை நேரம். நூறு பலகை ஆர்டர் வந்தால் ஒரு பக்கம் 9 மணி 38 நிமிடம், இன்னொரு பக்கம் 18 மணி 31 நிமிடம். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒன்றரை நாளில் முடிகிற வேலை, குறுக்கே வைத்தால் மூன்று நாளுக்கு இழுக்கும்.

குழாய்க்கு இதில் நட்டமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் குழாய் ஒளி பாய்கிற மணி நேரத்தை வைத்துத்தான் தேயும். அது இரண்டு பக்கமும் ஒன்றுதான். தேய்வது பெல்ட், மோட்டார், பிறகு நாம்!

முன்வரிசையில் இருக்கிற மைனி ஒரு நல்ல கேள்வி கேட்கிறார்கள். "பலகையை எதுக்குத் திருப்பணும், கம்ப்யூட்டர்லயே கோட்டு திசைய மாத்தலாமே" என்று. மாற்றலாம். ஆர்.டி.ஒர்க்ஸ் என்ற மென்பொருளில் 'எக்ஸ் ஸ்விங்', 'ஒய் ஸ்விங்' என்று இருக்கும். லைட்பர்ன் என்ற மென்பொருளில் 'ஸ்கேன் ஆங்கிள்' என்று இருக்கும், 0 போட்டால் கிடைக்கோடு, 90 போட்டால் நிலைக்கோடு. ஆனால் நான் அதைச் செய்ய மாட்டேன். காரணம் இருக்கிறது. இடம் வலமாக ஓடும்போது முனை மட்டும்தான் ஓடுகிறது, அது லேசானது. முன்னும் பின்னுமாக ஓடச் சொன்னால், முனையைத் தாங்கிக்கொண்டிருக்கிற குறுக்குச் சட்டம் முழுவதுமே ஓட வேண்டும். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடித் திரும்புவதற்கும், தொட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடித் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம். திரும்ப நேரம் கூடும், இயந்திரம் அதிரும், எழுத்து ஓரம் நடுங்கும். அதனால் கோடு எப்போதும் இடம் வலமாகவே ஓடட்டும். திரையில் எழுத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், மேடையில் பலகையையும் அதே மாதிரி திருப்பி வையுங்கள். பலகை மேடையைவிட நீளமாக இருந்து வேறு வழியே இல்லை என்றால் மட்டும் நிலைக்கோடு.

ஓலையில் எழுதினவர்கள் இதை எப்போதோ செய்திருக்கிறார்கள். நம்ம ஆச்சிமார் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிற ஜாதக ஓலையை எடுத்துப் பாருங்கள். நீளவாட்டில் வரி போகும். பனை ஓலையின் நாரும் அதே திசையில்தான் ஓடுகிறது.

அடுத்தது சின்னச் சாமான்கள். சாவிக்கொத்து வில்லை, வளைகாப்பு, கல்யாணத்துக்குக் கொடுக்கிற பெயர் வில்லை. இதில்தான் ஆர்டர் அதிகம் வரும், இதில்தான் நேரமும் அதிகம் போகும். 50-க்கு 20 மி.மீ. வில்லை ஐந்து என்று வையுங்கள். ஒவ்வொன்றாக ஓட்டினால் ஒன்றுக்கு 200 கோடு, மொத்தம் 1000 திருப்பம், அதற்கே 200 நொடி. ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினாலும் அதே 1000தான். ஆனால் ஐந்தையும் ஒரே வரிசையில், ஐந்து மி.மீ. இடைவெளி விட்டு, ரயில்பெட்டி மாதிரி கோர்த்து வைத்துவிட்டால் ஒரு கோடு ஐந்து வில்லையையும் தொட்டுக்கொண்டு போகும். 200 திருப்பம், 40 நொடி. இடைவெளியில் சும்மா ஓடுவதற்கு 13 நொடி சேர்த்தாலும், ஐந்து வில்லைக்கு இரண்டரை நிமிடத்துக்கு அருகில் மிச்சம்.

ஆனால் நெருக்கி வைக்க வேண்டும், அது முக்கியம். மேடையின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று வைத்து ஒன்றாக ஓட்டினால் நடுவில் அரை மீட்டர் காலி. 200 கோட்டுக்கும் அந்தக் காலி இடத்தைக் கடக்க 333 நொடி வீண். அப்படியென்றால் தனித்தனியாக ஓட்டுவதே மேல். அதேபோல, பலகையைச் சுற்றி ஒரு மெல்லிய கரை மட்டும் போட வேண்டியிருந்தால் அதை ஸ்கேனில் சேர்க்காதீர்கள். அந்த ஒற்றைக் கரைக்காக முனை பலகை முழுக்க ஓடும். கரையைத் தனியே கோடாக, பேனா பிடித்து இழுப்பதுபோல் ஓடவிட்டால் சில நொடியில் முடியும்.

இப்போது வேகம். "வேகத்தைக் கூட்டிட்டா எல்லாம் சரியாப்போகுமே" என்று எல்லாருக்கும் தோன்றும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கிற பாபநாசம் டவுன் பஸ்ஸில் டிரைவர் எவ்வளவு மிதித்தால் என்ன? வேகம் பிடிக்கும் முன்னே அடுத்த நிறுத்தம். இரட்டை வேகம் என்றால் வேகம் பிடிக்கவும் நிற்கவும் இரட்டை நேரம் ஆகும். மேலே சொன்ன பெயர்ப்பலகையை நொடிக்கு 600 மி.மீ. வேகத்தில் ஓட்டுகிறோம், திருப்ப நேரமும் 0.4 நொடி ஆகிறது என்று வையுங்கள். நீளவாட்டில் 293 நொடி. கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். குறுக்குவாட்டில் என்ன ஆகிறது தெரியுமா? 933 நொடி! வேகத்தைக் கூட்டினதால் நேரமும் கூடிவிட்டது. போதாததற்கு, இரட்டை வேகத்தில் அதே சக்தியில் பள்ளமும் ஆழமாக விழாது. அதனால் முதலில் திசை, பிறகு அடுக்குகிற முறை, கடைசியில்தான் வேகம்.

இன்னொன்று. முனை போகும்போதும் எழுதும், வரும்போதும் எழுதும் என்றேன். சில இயந்திரத்தில் போகிற கோடும் வருகிற கோடும் துளி விலகி விழும். எழுத்தின் ஓரம் ரம்பப் பல் மாதிரி தெரியும். பார்த்தவுடன் சிலர், போகும்போது மட்டும் எழுது, வரும்போது சும்மா வா என்று மாற்றிவிடுவார்கள். எழுத்து சுத்தமாக வரும். ஆனால் அந்தப் பெயர்ப்பலகைக்கு நேரம் இரட்டிப்பாகி 11 நிமிடத்தைத் தாண்டும். அது வேண்டியதில்லை. மென்பொருளிலேயே இந்த விலகலைச் சரிசெய்ய அளவு கொடுக்கிற இடம் இருக்கிறது. விலகல் வேகத்துக்கு வேகம் மாறும் என்பதால், நீங்கள் வழக்கமாக ஓட்டுகிற இரண்டு மூன்று வேகத்துக்கும் வேண்டாத துண்டில் சோதித்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முகப் படம் மாதிரி நுணுக்கமான வேலைக்கு மட்டும் ஒரு பக்க ஓட்டம் போதும், அதற்குத் தனி ரேட்டு போடுங்கள்.

கோடு எந்தப் பக்கமிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. புகை உறிஞ்சுகிற குழாய் இயந்திரத்தின் பின்புறம் இருந்தால், எழுத்து நம் பக்கமிருந்து தொடங்கிப் பின்னால் போகட்டும். புகை இன்னும் எழுதாத இடத்துக்கு மேலேதான் போகும், முடித்த எழுத்தில் கரி படியாது. பலகைமேல் காகித டேப் ஒட்டி எழுதிவிட்டு உரித்தால் இன்னும் சுத்தம். டேப்பு செலவு, ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற அரை மணி மிச்சம். மரத்தின் ரேகை திசையும் நிறத்தை மாற்றும். அதற்குச் சட்டம் சொல்ல முடியாது, தேக்குக்கு ஒன்று, வேம்புக்கு ஒன்று. அதே பலகையின் வெட்டுத் துண்டில் விரல்நகம் அளவு இரண்டு கட்டம், ரேகையோடு ஒன்று, குறுக்கே ஒன்று எழுதிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ரேகைக்காகக் குறுக்கே வைத்தே ஆக வேண்டும் என்றால் வைக்கலாம், ஆனால் அந்தக் கூடுதல் நிமிடத்தையும் விலையில் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம்ம ஊருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டீர்கள். அம்பாசமுத்திரம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கடைகிற மரச் சொப்பு பேர்போனது. சொப்புச் செட்டு வைக்கிற மரப்பெட்டியில் பிள்ளையின் பெயர் எழுதிக் கொடுத்தால் பிறந்தநாளுக்கு வாங்குவார்கள். உருண்டைச் சாமானில் எழுத உருளைப் பூட்டு என்று ஒன்று மாட்ட வேண்டும். முனை சாமானின் நீளத்துக்கு ஓடும், ஒரு கோடு முடிந்ததும் சாமான் துளி உருளும். நீளமான வேலனாக இருந்தால் நல்ல லாபம், குட்டிச் சொப்பாக இருந்தால் திருப்பம் அதிகம், அதற்கேற்ற கூலி கேளுங்கள். பிறகு ரப்பர் முத்திரை. அப்பளக் கட்டுக்கு, ஊறுகாய்க்கு, தயாரித்த தேதி போடுகிற முத்திரை எல்லாக் குழுவுக்கும் வேண்டும்தானே? அதற்கென்று விற்கிற லேசர் ரப்பர் தாளில், எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றி எழுத வேண்டும். எழுத்தை விட்டுவிட்டு மற்ற இடம் முழுவதும் கரைய வேண்டியிருப்பதால் நேரம் எடுக்கும். அதனால் நாலைந்து குழுவின் முத்திரைகளைச் சேர்த்து, ஒரே வரிசையாகக் கோர்த்து ஓட்டுங்கள்.

ரெக்சின், பி.வி.சி. தாள் இரண்டையும் யார் எவ்வளவு கொடுத்தாலும் உள்ளே வைக்காதீர்கள். அதில் குளோரின் கலந்த நச்சுப் புகை வரும், நெஞ்சுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும். ஓடுகிற இயந்திரத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகாதீர்கள், மரம் தீப்பிடிக்கும். மூடியைத் திறந்துவைத்து ஓட்டாதீர்கள், இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

கடைசியாகக் காசு. நிமிடத்துக்கு 5 ரூபாய் என்று கணக்குக்கு வைப்போம். அதில் மின்சாரம், தேய்மானம், ஆள் கூலி, வங்கித் தவணை எல்லாம் அடக்கம். நீளவாட்டில் ஒரு பலகைக்குப் பொறிப்புச் செலவு 29 ரூபாய். குறுக்குவாட்டில் 55 ரூபாய்க்கு மேல். வாடிக்கையாளர் வந்து, "அக்கா, நூறு பலகை, ஒன்றுக்கு 40 ரூபாய் தாரேன்" என்கிறார். நீளவாட்டில் ஓட்டுகிற குழு சம்மதித்து, நூறு பலகையில் 1100 ரூபாய் மிச்சம் பார்க்கும். குறுக்கே ஓட்டுகிற குழு ஒன்று ஆர்டரை இழக்கும், இல்லையென்றால் எடுத்துக்கொண்டு 1500 ரூபாய்க்கு மேல் நட்டப்படும். நட்டம் எங்கே போனது என்று கணக்குப் புத்தகத்தில் தேடினாலும் தெரியாது. திருப்பத்தில் போன காசுக்கு ரசீது கிடையாதே!

அதனால் ஆர்டர் வந்ததும் வாய்ரேட்டு சொல்லாதீர்கள். திரையில் எழுத்தைப் போட்டு, 'பிரிவியூ' அழுத்துங்கள். எத்தனை நிமிடம் என்று அதுவே காட்டும். ஒருமுறை அப்படியே பாருங்கள், ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டையும் ஆர்டர் நோட்டில் எழுதுங்கள், பிறகு விலை சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை எங்கள் கொட்டகைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ஆளுக்கொரு பிளைவுட் துண்டு கொண்டுவாருங்கள், ஒரு சாண் நீளம் போதும். கடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும். நான் இயந்திரத்தைத் தொட மாட்டேன், நீங்களே இரண்டு விதமாக வைத்து ஓட்டிப் பாருங்கள். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போய் உங்கள் குழுக் கூட்டத்தில் கடன் விஷயத்தைப் பேசுங்கள்.